பழைய காரும் பிரேக் ஆயிலும்: வாசகர் கேள்வி பதில்

பழைய கார்களின் பிரேக், கிளட்ச், பவர் ஸ்டீயரிங் ஆகியவற்றுக்குள் ஓடும் திரவத்தைப் பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கிக் கேள்வியாகத் தந்துள்ளேன்.

கேள்வி: என் தந்தையார் ஓட்டிய 26 வயதுக் கார் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. கடந்த நான்கு ஆண்டுகளில் அது அதிகம் ஓடவில்லை. பிரேக் ஆயில் டப்பாவில் அளவு சரியாக உள்ளது, பிரேக்கும் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் ஆயில் கறுத்திருக்கிறது. அளவு குறையாதபோது எதற்காக மாற்ற வேண்டும், ஐயா?

பதில்: அளவு குறையவில்லை என்றால் கசிவு இல்லை என்று மட்டுமே பொருள். உள்ளே இருக்கும் திரவம் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை அளவு சொல்லாது. நாம் எல்லோரும் பழக்கத்தில் பிரேக் ஆயில் என்று சொன்னாலும், பெரும்பாலான கார்களில் அது எண்ணெய் வகையைச் சேர்ந்தது அன்று. கிளைக்கால் ஈதர் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்ட திரவம். காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்வது இதன் இயல்பு. டப்பா மூடியிலுள்ள சிறு காற்றுத் துளை வழியாகவும், சக்கரங்களுக்குச் செல்லும் ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே சேர்கிறது. வண்டி ஓடினாலும் ஷெட்டில் நின்றாலும் இது நடந்துகொண்டே இருக்கும். எனவே கிலோமீட்டரைக் கொண்டு பிரேக் திரவத்தின் வயதைக் கணக்கிடுவது தவறு. ஆண்டைக் கொண்டுதான் கணக்கிட வேண்டும்.

ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்குகிறது. டாட் 4 என்ற தரத்தைச் சேர்ந்த புதிய திரவம் 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதே திரவத்தில் சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில், அந்த எல்லை 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. டாட் 3 தரத்துக்கு இந்த எண்கள் 205, 140 ஆகும். ஊருக்குள் ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது சக்கரத்தின் சூடு, பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் வழியாகத் திரவத்துக்குள் ஏறி, அங்கே ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவி சுருங்கும். அதனால் உங்கள் கால் கொடுக்கும் அழுத்தம் முழுவதும் குமிழ்களைச் சுருக்குவதிலேயே செலவாகி, பெடல் தரைவரை இறங்கிவிடுகிறது. இதில் மிகவும் ஏமாற்றக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. வண்டியை எப்படியோ நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிட்டால் ஆவி மறுபடியும் திரவமாகிவிடும், பெடல் பழையபடி உறுதியாக நிற்கும், பார்க்க வரும் மெக்கானிக் எந்தக் குறையும் இல்லை என்று சொல்லிவிடுவார். பிரேக் நன்றாகவே பிடிக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

இன்னொரு கேடு துரு. பல ஆண்டுகள் திரவம் மாற்றப்படாத ஒரு டிரம் பிரேக்கில், பிரேக் ஷூக்களை டிரம்மின் மேல் அழுத்தும் வீல் சிலிண்டரைக் கழற்றி, இரு முனைகளிலும் உள்ள தூசிக்காப்பு ரப்பரை விலக்கிப் பார்த்தால், உள்ளே பழுப்பு நிறச் சேறு படிந்திருக்கும். அதைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் உள்சுவரில், பெரும்பாலும் கீழ்ப்பக்கத்தில், ஊசிமுனை அளவுக் குழிகள் வரிசையாகத் தெரியும். சிலிண்டருக்குள் திரவம் கசியாமல் தடுக்கும் ரப்பர் கப் அந்தக் குழிகளின் மேல் ஒவ்வொரு முறையும் உரசி ஓடி, சில மாதங்களில் கிழிந்து கசியத் தொடங்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றியிருந்தால் அந்தச் சிலிண்டர் காரோடு கூடவே வாழ்ந்திருக்கும்.

நிறத்தை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். தண்ணீருக்கு நிறம் கிடையாது. வெளிர் மஞ்சளாகத் தெரியும் திரவத்திலும் ஈரம் அதிகமாக இருக்கலாம். ஆனால் கறுத்திருக்கிறது என்றால் ரப்பர் துகளும் உலோக அரிப்பும் கலந்திருக்கின்றன என்று கொள்ளலாம். உங்கள் காரில் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: டப்பா மூடியில் டாட் 3 என்று போட்டிருக்கிறது. ஒருவர் டாட் 4 ஊற்றலாம் என்கிறார், இன்னொருவர் எண் கூடக் கூடத் தரம் கூடும், டாட் 5 வாங்குங்கள் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: முதலாமவர் சொல்வது சரி. இரண்டாமவர் சொல்வதைக் கேட்டால் ஆபத்து. டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச் சுருக்கம். உலகம் முழுவதும் இந்த எண் வரிசையே வழக்கில் உள்ளது. டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகிய மூன்றும் கிளைக்கால் குடும்பம். இவை ஒன்றோடொன்று கலந்தாலும் ரப்பருக்குக் கேடு வராது. கலவையின் கொதிநிலை மட்டும் இடையில் எங்கோ நிற்கும். டாட் 5 மட்டும் சிலிகோன் திரவம். அது கிளைக்கால் திரவத்தோடு கலக்காது. பெயரில் ஒரு புள்ளியும் ஒரு ஒன்றும் மட்டுமே வித்தியாசம் என்பதால் டாட் 5, டாட் 5.1 இரண்டையும் மாற்றி எடுத்துவிடுகிறார்கள். பெயர் வைத்தவர்கள் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய வருத்தம். டாட் 5 பெரும்பாலும் ஊதா நிறத்தில் வருவதால் பாட்டிலைத் திறந்ததும் அடையாளம் தெரிந்துவிடும்.

சிலிகோன் திரவம் ஈரத்தை ஈர்க்காது, பெயின்டைக் கெடுக்காது என்பதால் காட்சிக்கு நிறுத்தி வைக்கும் பழைய கார்களில் சிலர் விரும்பி ஊற்றுகிறார்கள். ஆனால் எப்படியோ உள்ளே புகும் தண்ணீர் அதில் கரையாமல் தாழ்வான இடத்தில் சொட்டாகத் தேங்கி அங்கேயே துருவை உண்டாக்கும். காற்றுக் குமிழ்களும் அதிலிருந்து எளிதில் வெளியேறுவதில்லை. திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டிக்கு அது ஆகவே ஆகாது. தினமும் ஓட்டும் காருக்கு மூடியில் உள்ள தரத்தையோ, டாட் 3 இருக்கும் இடத்தில் டாட் 4 தரத்தையோ ஊற்றி, இரண்டு ஆண்டுகளில் மறக்காமல் மாற்றுவதே போதும். மூடியிலோ கையேட்டிலோ கனிம எண்ணெய் என்று குறிப்பிட்டிருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் பெடலை மிதிக்க, நானே வீட்டில் பிரேக் ஆயிலை மாற்ற நினைக்கிறேன். பழைய வண்டி என்பதால் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று விளக்கமாக எழுதுங்கள்.

பதில்: கவனம் முந்தைய நாளிலேயே தொடங்க வேண்டும். நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுக்கும், அதாவது உள்ளே சிக்கிய காற்றைத் திரவத்தோடு வெளியேற்றும் நிப்பிளைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு தளர்த்தும் எண்ணெயை அதன் மரையடியில் இரண்டு மூன்று முறை விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். அது பிரேக் ஷூ மீதோ டிஸ்க் மீதோ படக்கூடாது. மறுநாள் ஆறு முனை உள்ள ரிங் ஸ்பானரையோ பாக்ஸ் ஸ்பானரையோ மட்டும் பயன்படுத்துங்கள். வாய் திறந்த ஸ்பானர் நிப்பிளின் முனைகளை உருட்டிவிடும். ஸ்பானரை மாட்டிய பின் நிப்பிளின் தலையில் சிறு சுத்தியலால் நேராக நாலு தட்டு தட்டி, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை அசைத்து, அதன்பின் தளர்த்துங்கள். பிடித்துக்கொண்டிருந்த துரு விடும்போது மெல்லிய கிறீச்சொலி கேட்கும்; அது நல்ல சகுனம். ஒலி ஏதும் இல்லாமல் நிப்பிள் மெழுகு போல இழுபடுவதாகக் கைக்குத் தோன்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். அது முறுக்கிக்கொள்கிறது, அடுத்த கால் சுற்றில் ஒடியும். நான்கு நிப்பிளும் அசைகின்றன என்று உறுதியான பிறகே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். மூன்றில் புதிய திரவமும் நான்காவதில் ஒடிந்த நிப்பிளுமாக வண்டி நிற்பதில் பயனில்லை.

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் கை நீட்டாதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள். பின்னர் டப்பாவில் உள்ள பழைய திரவத்தைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, அடியில் படிந்த சேற்றை நூல் உதிராத துணியால் துடைத்து, புதிய திரவத்தை நிரப்புங்கள். பலர் இதைச் செய்யாமல் நேராக நிப்பிளைத் திறக்கிறார்கள். அப்படிச் செய்தால் டப்பாவில் உள்ள அழுக்கு முழுவதும், பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்குத் தரும் மாஸ்டர் சிலிண்டர் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் பயணம் செய்கிறது. துடைக்கப் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ வேண்டாம். பிரேக் அமைப்பின் ரப்பருக்குப் பெட்ரோலிய வகை எதுவும் ஆகாது.

அடுத்ததாக, பழைய கார்களுக்கே உரிய ஓர் எச்சரிக்கை. பிரேக் பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்து, பெடல் தன் வழக்கமான தூரத்தைவிட அதிகம் இறங்காதபடி தடுங்கள். தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் தன் குழலில் பாதியளவே பயணம் செய்கிறது. அந்தப் பகுதி கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும். அதற்கு அப்பால் உள்ள பகுதியை இருபது ஆண்டுகளாக எந்த ரப்பரும் தொட்டிருக்காது, அங்கே துருவும் சேறும் படிந்திருக்கும். நிப்பிள் திறந்திருக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால் ரப்பர் கப் அந்தச் சொரசொரப்பில் ஏறி உதடு கிழிந்துபோகிறது. நான் வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில் இதை அறியாமல் ஒரு பெரியவரின் காரில் பெடலை அடிவரை மிதித்து ஏர் எடுத்தேன். காலையில் நல்ல பெடலோடு வந்த வண்டி, மாலையில் மிதித்தால் மெல்ல மெல்ல இறங்கும் பெடலோடு நின்றது. அவருக்குப் புது மாஸ்டர் சிலிண்டர் போட்டுக் கொடுக்கும்வரை எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்று முதல் என் கருவிப்பெட்டியில் அந்த மரத்துண்டும் ஒரு கருவியாக இருக்கிறது.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய் வழியில் அதிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ள சக்கரத்தில் முடிப்பது பொது வழக்கம். முன்சக்கரம் ஒன்றையும் எதிர்ப்பக்கப் பின்சக்கரம் ஒன்றையும் குறுக்காக இணைத்த அமைப்புகளில் வரிசை மாறும் என்பதால் உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிப்பிளில் நிறமற்ற ரப்பர் ட்யூபை மாட்டி, மறுமுனையைச் சிறிது புதிய திரவம் உள்ள பாட்டிலில் மூழ்கும்படி வையுங்கள். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். மகன் பெடலை நிதானமாக மிதித்துப் பிடித்துக்கொள்ள, நீங்கள் நிப்பிளை அரைச் சுற்று திறந்து, திரவம் ஓடி நின்றதும் மூடி, அதன் பிறகே விடச் சொல்ல வேண்டும். மூடும் முன் அவர் காலை எடுத்துவிட்டால் மரை வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். ஆகவே மிதி, பிடித்தேன், விடு என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். வேகமாகப் பம்பு அடிப்பது போல மிதிப்பது, உள்ளே இருக்கும் காற்றைச் சிறு சிறு குமிழ்களாக உடைத்துத் திரவத்தோடு கலந்துவிடும்.

ட்யூபில் முதலில் பழுப்புத் திரவம் வரும், சில வண்டிகளில் அதனூடே கறுப்பு ரப்பர்த் துணுக்குகள் மிதந்து வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு நிறம் படிப்படியாக வெளுத்து, ஒரு கட்டத்தில் ட்யூபில் திரவம் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும் அளவுக்குத் தெளிந்துவிடும். அதற்குப் பிறகும் நாலைந்து மிதி கூடுதலாக எடுங்கள். காலிப்பரின் மூலையில் தங்கிய பழையது அப்போதுதான் வெளியேறும். பின்சக்கரங்களில் திரவம் சொட்டுச் சொட்டாக மட்டுமே வருகிறது என்றால் பயப்பட வேண்டாம். பாரத்துக்கு ஏற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு உள்ள வண்டிகளில், சக்கரம் காற்றில் தொங்கும்போது அந்த வால்வு வழியை அடைத்துக்கொள்ளும். பின் அச்சின் மீது பாரம் ஏறும்படி வண்டியைத் தாங்கவைத்தால் ஓட்டம் சீராகிவிடும்.

டப்பாவை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். ஆறேழு மிதிக்கு ஒருமுறை அளவைப் பாருங்கள். காலியானால் செய்த வேலை முழுவதும் வீண், ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அதன் பெட்டிக்குள் காற்று புகுந்தால், ஸ்கேன் கருவியால் உள் வால்வுகளை இயக்கித்தான் பெரும்பாலும் எடுக்க முடியும். ஒரு சாதாரணக் காருக்கு 1 லிட்டர் போதும். அரை லிட்டர் மட்டும் வாங்கிக்கொண்டு தொடங்காதீர்கள். பெயின்டில் ஒரு துளி பட்டாலும் அது ஊறி உரிந்துவிடும். துணியால் தேய்த்தால் இன்னும் பரவும் என்பதால் உடனே தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவுங்கள். முடித்ததும் நிப்பிள்களை அளவாக இறுக்கி, ரப்பர் மூடிகளைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தபடி நான்கு இடங்களிலும் கசிவு உண்டா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் ஓட்டம் ஆள் இல்லாத இடத்தில் நடை வேகத்தில் இருக்கட்டும்.

கேள்வி: டப்பாவில் அளவு குறைந்திருந்ததால் வீட்டில் இருந்த இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றிவிட்டோம். இரண்டு நாளாகப் பிரேக் பிடித்தபடியே இருக்கிறது, சக்கரம் சூடாகிறது. உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றினால் சரியாகுமா?

பதில்: சரியாகாது, தயவுசெய்து அந்த வண்டியை இனி ஓட்டாதீர்கள். பிரேக் ஆயில் என்ற பெயர் செய்த கேடு இது. கிளைக்கால் திரவத்துக்காகச் செய்யப்பட்ட ரப்பர், கனிம எண்ணெய் பட்டதும் அதை உறிஞ்சி ஊதிப் பெருக்கும். டப்பா மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் விரிப்பை எடுத்துப் பாருங்கள். அது நெளிந்து, பெரிதாகி, மீண்டும் தன் இடத்தில் உட்கார மறுக்கும். அதே நிலைதான் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் கப்புகளுக்கும். ஊதிய கப், திரவம் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளையை அடைத்துக்கொள்வதால்தான் கால் எடுத்த பிறகும் உங்கள் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், காலிப்பர் ஆகியவற்றின் ரப்பர்கள், எல்லா ஹோஸ்களும், ரப்பர் உள்ள வால்வுகளும் மாற்றப்பட வேண்டும். உலோகக் குழாய்களை உள்ளே சுத்தம் செய்து முழுதாக உலர்த்த வேண்டும். செலவைச் சொல்லி உங்களைக் கலங்கவைக்க விருப்பமில்லை, ஆனால் பாதி வேலை செய்தால் ஊதிய ரப்பர் என்றாவது ஒருநாள் கைவிடும். ஊற்றிய உடனேயே, பெடலை மிதிப்பதற்கு முன்பே கவனித்திருந்தால் மட்டும் ஒரு வாய்ப்பு உண்டு. எண்ணெய் பிரேக் திரவத்தைவிட எடை குறைந்தது, மேலே மிதக்கும். அப்போதே உறிஞ்சி, டப்பாவைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம். மற்ற வாசகர்களுக்காகவும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். வாங்கிய பழைய காரில் முன்பு யார் எதை ஊற்றினார்கள் என்று தெரியாவிட்டால், கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து டப்பாவிலிருந்து சில துளிகளை விடுங்கள். கிளைக்கால் திரவம் தண்ணீரில் கரைந்துவிடும். எண்ணெய் கலந்திருந்தால் மேற்பரப்பில் வட்ட வட்டமாகப் படலம் நிற்கும்.

கேள்வி: புது பிரேக் ஆயில் மாற்றி, மூன்று முறை ஏர் எடுத்தும் பெடல் பஞ்சு போலவே இருக்கிறது. காற்று எங்கே ஒளிந்திருக்கிறது?

பதில்: காற்றுதான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன் கைப்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். பெடல் மேலே நின்று உறுதியானால் பின் டிரம்மில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். அட்ஜஸ்ட் செய்தால் போதும், எத்தனை முறை ஏர் எடுத்தாலும் அது தீராது. மாற்றம் தெரியாவிட்டால், சமீபத்தில் காலிப்பரைக் கழற்றி மாட்டினீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இடது வலது மாறிவிட்டால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும், காற்று மேலேயே தங்கிவிடும். அனுபவம் உள்ளவர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். பழைய ஹோஸ் அழுத்தத்தில் பலூன் போல உப்பினாலும் பெடல் பஞ்சாகும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் ஹோஸை விரல்களால் பற்றிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். உள்சுவர் ஊதி அடைத்த ஹோஸ் என்றால் பிரேக் பிடித்த பின் விடாமல் இழுக்கும்.

வெளியே கசிவு இல்லாமல், அழுத்திப் பிடித்த பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது என்று பொருள். பெடலை மிதித்தபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஒரு சிறு இறக்கம் தெரிவது மட்டும் குறையாகாது; கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டர் வேலை செய்வதற்கான அடையாளம் அது.

கேள்வி: கிளட்ச் ஆயிலையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

பதில்: கட்டாயம் மாற்றுங்கள். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டிகளில் அதே பிரேக் திரவம்தான் ஓடுகிறது, பலவற்றில் டப்பாவும் ஒன்றே. கீழே கிளட்சைத் தள்ளி இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரில்தான் சேறு அதிகம் சேரும்.

கேள்வி: பவர் ஸ்டீயரிங் திருப்பும்போது முனகல் சத்தம் கேட்கிறது, ஆயில் கருஞ்சிவப்பாக இருக்கிறது. முழுவதும் கழற்றாமல் மாற்ற வழி உண்டா?

பதில்: உண்டு, இது பிரேக்கைவிட எளிது. ஆனால் முதலில் எந்த ஆயில் என்பதை மூடியிலும் கையேட்டிலும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பல பழைய வண்டிகள் சிவப்பு நிற ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை ஏற்கின்றன, சில ஐரோப்பிய வண்டிகளுக்குப் பச்சை நிறச் செயற்கை ஹைட்ராலிக் ஆயில் தேவை. நிறம் ஒத்திருக்கிறது என்பதற்காக ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்ற வேண்டாம். பிரேக் திரவம் இங்கே ஒரு துளியும் போகக்கூடாது.

பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்ற வழி: டப்பாவில் உள்ளதை உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றி, இரண்டொரு நாள் ஓட்டி, மறுபடியும் உறிஞ்சி ஊற்றுவது. ஐந்தாறு முறையில் பெரும்பகுதி மாறிவிடும். முழுதாக மாற்ற விரும்பினால், முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டப்பாவுக்குத் திரும்பி வரும் ஹோஸைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு, டப்பாவின் அந்த முனையை அடைத்துவிடுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஒருவர் ஸ்டீயரிங்கை மெதுவாக இரு பக்கமும் திருப்ப, மற்றவர் டப்பாவில் புதியதை ஊற்றிக்கொண்டே இருந்தால் பழையது ஹோஸ் வழியே வெளியேறும். பம்பு வறண்டு ஓடக்கூடாது என்பதால்தான் இன்ஜினை அணைத்து வைக்கச் சொல்கிறேன். டப்பாவின் அடியில் சல்லடை இருந்தால் அதையும் கழுவிவிடுங்கள். முனகலுக்குக் காரணம் பல வேளைகளில் அடைபட்ட அந்தச் சல்லடைதான். முடித்தபின் இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை முழுமுனைவரை திருப்பலாம், ஆனால் முனையில் ஐந்து வினாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். டப்பாவில் நுரை தெரிந்தால் காற்று இருக்கிறது. இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, மீண்டும் திருப்புங்கள்.

கேள்வி: பழைய சிட்ரோயன் கார் ஒன்று உறவினரிடமிருந்து கிடைத்துள்ளது. அதில் பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை ஆயில் என்கிறார்கள். இதற்கு டாட் 4 ஊற்றலாமா?

பதில்: ஊற்றினால் அந்த அருமையான வண்டியைக் கெடுத்துவிடுவீர்கள். 1955-இல் டி.எஸ். மாடலில் சிட்ரோயன் கொண்டுவந்த முறை இது: எஞ்சின் சுழற்றும் ஒரே பம்பு உயர் அழுத்தத் திரவத்தைத் தர, அதைக் கொண்டே வண்டி எழும்பி நிற்கிறது, திரும்புகிறது, நிற்கவும் செய்கிறது. தொடக்கத்தில் ஊற்றிய சிவப்புத் திரவம் பிரேக் திரவத்தைப் போலவே ஈரத்தை ஈர்த்து, நுட்பமான வால்வுகளை அரித்தது. அதனால் 1966-இல் எல்.எச்.எம். என்ற பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறினார்கள். எண்ணெயோடு ரப்பரும் மாறியது; குழப்பம் வராமல் இருக்க உறுப்புகளுக்கும் பச்சை பெயின்ட் அடித்தார்கள். அந்தப் புதிய ரப்பருக்கு டாட் 4 விஷம், மற்றக் கார்களின் பிரேக் ரப்பருக்கு எண்ணெய் விஷம். உங்கள் வண்டி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று எழுதவில்லை. பழைய டி.எஸ். என்றால் சிவப்பா பச்சையா என்று உறுப்புகளின் பெயின்டையும் சேர்த்துப் பாருங்கள். 2000-க்குப் பிந்தைய சி5 என்றால் அதில் ஆரஞ்சு நிறச் செயற்கைத் திரவம் உள்ளது, அதிலும் பச்சையைக் கலக்கக்கூடாது.

மாற்றும் முன் வண்டியின் உயரத்தை மாற்றும் லிவரைக் கீழ்நிலைக்குத் தள்ளி, பிரஷர் ரெகுலேட்டரில் உள்ள திருகைச் சிறிது தளர்த்தி அழுத்தத்தை இறக்க வேண்டும். திருகை முழுவதும் கழற்றிவிடாதீர்கள். அழுத்தம் இறங்கும்போது வண்டி தானே தரையை நோக்கித் தாழும். உறுதியான ஸ்டாண்டு இல்லாமல் அதற்கு அடியில் யாரும் இருக்கக்கூடாது. டப்பாவுக்குள் இருக்கும் வடிகட்டிகளைப் பெட்ரோலில் கழுவிக் காற்று அடித்து உலர்த்தலாம். பிரேக் டப்பாவுக்குப் பெட்ரோல் வேண்டாம் என்று மேலே சொன்னது இங்கே பொருந்தாது, ஏனெனில் இது எண்ணெய்க் குடும்பம். உள்ளே சேறு மிகுதியாக இருந்தால், இந்த அமைப்புக்கென்றே வரும் கழுவும் திரவத்தைச் சில காலம் ஊற்றி ஓட்டிய பிறகு பச்சை எண்ணெய்க்குத் திரும்புவது நல்லது. இந்த வண்டியை மட்டும், அதை அறிந்த மெக்கானிக் ஒருவர் அருகில் இருக்க முதல்முறை செய்யுங்கள்.

கேள்வி: மீந்துபோன கால் பாட்டில் திரவத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாமா? பழையதை எங்கே கொட்டுவது?

பதில்: திறந்த பாட்டில், டப்பாவைப் போலவே ஈரத்தை இழுக்கும். இரண்டு ஆண்டு கழித்து அதை ஊற்றினால் பழைய திரவத்தைப் பழைய திரவத்தால் மாற்றியதாகவே ஆகும். திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதி, இறுக மூடி வைத்தால் சில வாரங்களுக்குள் அளவு சரிசெய்யப் பயன்படும்; அதற்கு மேல் வேண்டாம். வெளியே எடுத்த பழையதைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள், பயன்படுத்திய இன்ஜின் ஆயிலோடும் கலக்காதீர்கள். தனிப் பாட்டிலில் பெயர் எழுதி, கழிவு ஆயிலைச் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். நீர் குடித்த பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். புதிய திரவமும் பார்வைக்குக் குடிநீர் போலவே இருக்கும், குழந்தைகள் கைக்கு எட்டினால் உயிருக்கு ஆபத்து.